எத்தனை வேர்டு வருது?

எங்கள் அப்பாவுக்கு எதை வாசித்தாலும் எண்ணிக்கொண்டே வாசிக்கிற பழக்கம். கல்யாணப் பத்திரிகை ஒன்று வந்தால், முகூர்த்தம் என்றைக்கு என்று நாங்கள் எட்டிப் பார்ப்பதற்குள் அவருடைய ஆள்காட்டி விரல் வரிகளின் மேல் தத்தித் தத்திக் கடைசிவரை போய்விட்டிருக்கும். "தொண்ணூத்தி ரெண்டு வேர்டு. 'தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ'... எதுக்கு இம்புட்டு? 'வரவும்'னு போட்டா வர மாட்டாங்களா?" என்பார். அம்மா அடுப்படியிலிருந்தே பதில் கொடுப்பாள்: "உங்க கல்யாணத்துக்கு அப்பிடித்தான் போட்டிருப்பீக. அதான் எங்க பெரியம்மா வீட்டுல ஒருத்தரும் வரல."

விருதுநகர் தந்தி ஆபீஸில் அப்பாவுக்கு வேலை. எழுபதுகளின் நடுவில் நான் தொடக்கப் பள்ளி முடித்து ஆறாம் வகுப்புக்குப் போன காலம். பஜாருக்குள் நுழைந்தாலே மிளகாய் வத்தல் நெடி மூக்கில் ஏறித் தும்மல் வரும். அதைத் தாண்டினால் கடலை எண்ணெய் வாசனை, அப்புறம் மல்லி, அப்புறம் பருப்பு. விருதுநகர் சந்தை நிலவரம் பேப்பரில் வரும் ஊர் அது. மதுரையில் என்ன விலை, பம்பாயில் என்ன விலை என்று தெரியாமல் மண்டிக்காரர் யாரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க மாட்டார். டிரங்க் கால் போட்டால் லைன் கிடைக்கும்வரை காத்துக் கிடக்க வேண்டும் என்பதால், மண்டிப் பையன்கள் தந்தி ஆபீஸுக்கும் பஜாருக்குமாகச் சைக்கிளில் பறந்துகொண்டிருப்பார்கள். கவுண்டரில் தாளை நீட்டியதும் அப்பா கேட்கிற முதல் கேள்வியும் பையன்கள் கேட்கிற முதல் கேள்வியும் ஒன்றுதான்: "எத்தனை வேர்டு வருது?"

பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் போவேன். சுவரோரம் கிடந்த நீளப் பெஞ்சு எனக்கு வாசக சாலை, விளையாட்டு மைதானம் எல்லாம். தந்திப் படிவம், நூலில் கட்டித் தொங்கும் பென்சில், காய்ந்து கட்டி தட்டிப்போன கோந்துப் புட்டி, உள்ளே 'கட்டுக் கட கட்டு' என்று அடித்துக்கொண்டிருக்கும் சவுண்டர். சினிமாவில் வருகிற மாதிரி அது 'பீப் பீப்' என்று கூவாது. இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தம். இரண்டு தட்டலுக்கு நடுவில் எவ்வளவு நேரம் என்பதை வைத்துத்தான் புள்ளியா கோடா என்று அப்பா கண்டுபிடிப்பார். கேட்டுக்கொண்டே அவர் கை எழுதும், எழுதிக்கொண்டே வாய் என்னிடம், "சாப்பிட்டியாலே?" என்று கேட்கும்.

அப்பாவின் அகராதியில் வேர்டு என்றால் காசு. இத்தனை வேர்டுவரை இன்ன கட்டணம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு. அவசரத் தந்தி என்றால் இரட்டிப்பு. சேதிக்கு மட்டுமல்லாமல் விலாசத்துக்கும் காசு உண்டு என்பதுதான் புதிதாக வருகிறவர்களைத் திடுக்கிட வைக்கும். ஒருநாள் ஒரு பாட்டி வந்தாள். கண்டாங்கிச் சேலை, காதில் பாம்படம், இடுப்பில் சுருக்குப் பை. மகன் பம்பாய் தாராவியில் இருக்கிறான்.

"எழுதுங்கய்யா. உங்க அய்யாவுக்கு ரொம்ப முடியல. கஞ்சி உள்ள இறங்க மாட்டேங்குது. ராத்திரியெல்லாம் உன் பேரச் சொல்லித்தான் முனங்குறாரு. முதலாளி லீவு தராட்டியும் சண்ட போட்டுக்கிட்டாவது வந்து சேரு. வரும்போது அவளயும் பிள்ளையயும் கூட்டிட்டு வா. போன வருசம் மாதிரி தனியா வந்து நிக்காத..."

அப்பா ஒன்றும் குறுக்கிடவில்லை. அவள் மூச்சு வாங்கி நின்ற பிறகு எழுதினார்: ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி. பென்சில் முனையால் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். சேதி நாலு வேர்டு. பெயர், கடை, சந்து, தாராவி, பம்பாய் என்று விலாசம் அதைப் போல இரண்டு மடங்கு.

"நான் சொன்னதெல்லாம் இதுக்குள்ள வந்துருச்சாய்யா?"

"எல்லாம் இருக்கு ஆத்தா. மிச்சத்த அவனே வாசிச்சுக்கிடுவான்."

அவள் சுருக்குப் பையை அவிழ்த்துச் சில்லறை எண்ணியபோது, கூடப் போன காசு விலாசத்துக்கு என்று அப்பா விளக்கினார். "பெத்த பிள்ளை எங்க இருக்கான்னு சொல்றதுக்கா காசு?" என்று அவள் கேட்டாள். அரசாங்கம் அதற்கு என்ன பதில் சொல்லும்?

மண்டிக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வருடச் சந்தா கட்டித் தந்தி விலாசம் பதிவு செய்துகொள்வார்கள். கடைப் பெயர், தெரு, கதவு எண் எல்லாம் சேர்ந்து ஒரே வேர்டாகச் சுருங்கிவிடும். பில் புத்தகத் தலைப்பில் 'கிராம்ஸ்' என்று போட்டு, சாமி பெயரையும் சரக்குப் பெயரையும் ஒட்டவைத்த மாதிரி ஒரு சொல்லை அச்சடித்திருப்பார்கள். அந்தச் சொல்லுக்கு எந்த அகராதியிலும் பொருள் கிடையாது. ஆனால் கல்கத்தாவிலிருந்து அந்த ஒற்றைச் சொல்லையும் ஊர்ப் பெயரையும் போட்டு அனுப்பினால், சேதி நேரே அண்ணாச்சி மேசைக்கு வந்துவிடும். கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருந்தவர்களும் உண்டு.

சேதியைச் சுருக்குவதற்கு வேறு வித்தை. ஒரு மண்டியில் இருந்த கணக்குப்பிள்ளை மாமா எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவார். மாமா என்றால் உறவு இல்லை. அப்பாவோடு சீட்டாடுகிற மாமா. அவர்தான் எனக்கு ரோஜா, தாமரை, மல்லிகை பட்டியலைக் காட்டினார். ஒரு முழ நீளத் தாள். இடது பக்கம் இங்கிலீஷில் பூப் பெயர், பறவைப் பெயர். வலது பக்கம் தமிழில் வாக்கியம். ரோஸ் என்றால் 'விலை ஏறுகிறது, விற்க வேண்டாம்.' பேரட் என்றால் 'சரக்கில் ஈரம், திருப்பி அனுப்பு.' லோட்டஸ் என்றால் 'சரக்கு வந்தது, தரம் திருப்தி, பாக்கிப் பணத்தை உடனே அனுப்பவும்.' வருடம் திரும்பினால் பட்டியலை மாற்றிவிடுவார்கள். செல்லாமல் போன பழைய தாள்தான் எனக்குக் கிடைத்தது. நானும் அக்காவும் அதை மனப்பாடம் செய்துவிட்டோம். அம்மா வைத்த ரசம் நன்றாக இல்லை என்றால் 'பேரட்' என்போம். அப்பாவுக்குச் சிரிப்பு வரும். ஆனால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தின்படி தந்தியில் வருகிற சேதியை வெளியே விட்டால் தண்டனை. அவர் அந்தச் சட்டத்தைப் பட்டியலுக்கும், சில சமயம் ரசத்துக்கும்கூட நீட்டித்துக்கொண்டார்.

இது விருதுநகர்க்காரர்கள் கண்டுபிடித்த தந்திரம் இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. லண்டன், லிவர்பூல் வியாபாரிகள் இதற்காகத் தலையணைப் பருமனில் புத்தகமே அச்சடித்து வைத்திருந்தார்கள். 1906-இல் வந்த பென்ட்லி குறிச்சொல் புத்தகத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஐந்து எழுத்தில் ஒரு சொல். பத்து எழுத்துவரை ஒரு வேர்டு என்று கம்பெனிகள் காசு வாங்கிய காலம் அது. இரண்டு ஐந்தெழுத்தை ஒட்டி ஒன்றாக அனுப்பினால் ஒரு வேர்டு காசில் இரண்டு வாக்கியம் கடல் தாண்டிப் போகும். இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு 1930-களில் உலகத் தந்தி விதியில் குறிச்சொல்லுக்கு ஐந்தெழுத்தோடு எல்லை கட்டினார்கள். ஆக, வேர்டு என்றால் என்ன என்று இலக்கணக்காரர்கள் முடிவு செய்வதற்கு முன்னால் கல்லாப் பெட்டிக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு இதில் கல்லாப் பெட்டிமேல்தான் நம்பிக்கை. இலக்கணத்தில் எங்கே சொல் முடிகிறது என்று இன்னும் சண்டை நடக்கிறது.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அப்பாவுக்கு உற்சாகம் வந்தால், எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துப்போட்டு விரல் மோதிரத்தால் மோர்ஸ் தட்டிக் காட்டுவார். வேகத்தை அளப்பதற்கு ஒரு சொல் உண்டு: பாரிஸ். புள்ளி ஒரு பங்கு, கோடு மூன்று பங்கு, நடுவில் விடுகிற மௌனங்களுக்கும் பங்கு என்று கணக்குப் போட்டால், பாரிஸும் அடுத்த சொல்லுக்கு முன்னால் விடுகிற இடைவெளியும் சேர்த்துச் சரியாக ஐம்பது பங்கு. நிமிடத்துக்கு இருபது பாரிஸ் தட்டினால் இருபது வேர்டு வேகம். பேசாமல் இருக்கிற நேரத்துக்கும் கணக்கு உண்டு என்பது எனக்கு அதிசயமாக இருந்தது. அக்கா வெகு காலம் அது மெட்ராஸ் பாரிஸ் கார்னர் என்றே நம்பிக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரன் பாரி கம்பெனி வைத்திருந்த இடம், அவன் பெயரில் தந்தி வேகம் இருந்தால் என்ன தப்பு என்று வாதாடுவாள். வாதத்தில் அவளை ஜெயிக்க முடியாது.

அந்த அக்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தாள். எங்கள் வீட்டில் வேர்டுக்கு இரண்டாவது விலை நிர்ணயமானது அப்போதுதான். பஜார் முக்கில் மாடி. கீழே சைக்கிள் கடை. படியேறும்போதே ஆலங்கட்டி மழை தகரக் கூரையில் விழுகிற சத்தம் கேட்கும். ரெமிங்டன், ஹால்டா, ஃபேசிட், கோத்ரெஜ் என்று வரிசையாக மிஷின்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய்: ஒன்றில் 'ஈ' ஒட்டிக்கொள்ளும், ஒன்றில் மணி அடிக்காது, வரி முடிந்ததே தெரியாமல் எழுத்துக்கள் கடைசியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கறுப்புப் பூச்சியாகிக் கிடக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் வாரக்கணக்கில் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே என்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கீழே பார்த்தால் மாஸ்டர் ஸ்கேலால் விரல் மொளியில் ஒன்று வைப்பார். அக்கா தூக்கத்தில்கூட விரலை ஆட்டுவாள்.

அங்கே வேர்டு என்றால் ஐந்து தட்டு. அது என்ன சொல்லாக இருந்தாலும் சரி, நடுவில் விடுகிற இடமும் ஒரு தட்டு. லோயர் பாஸ் பண்ண நிமிடத்துக்கு 30 வேர்டு, ஹையருக்கு 45. பத்து நிமிடப் பரீட்சைக்கு 1,500 தட்டும் 2,250 தட்டுமாக வரும். "அப்ப 'ஐ' அப்படின்னு ஒத்த எழுத்து இருக்கே, அது ஒரு வேர்டு இல்லையா?" என்று அப்பா கேட்டார். "இல்லப்பா. இடத்தோட சேத்தாலும் ரெண்டு தட்டு. அது கால் வேர்டு, அரை வேர்டுதான்." அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. 'நான்' என்கிற ஆளைக் கால் வேர்டு ஆக்குகிறார்களே என்று வருத்தமா, கவுண்டரில் அதற்கு முழுக் காசு வாங்கியிருக்கிறோமே என்று வருத்தமா தெரியாது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு இருவரும் கணக்குப் போடுவார்கள். அம்மா, "ஆளுக்கு ஒரு வாய் சோறு சாப்பிட எத்தனை தட்டு தட்டணும்?" என்று கேட்டுவிட்டுத் தட்டை நகர்த்தி வைப்பாள்.

அப்புறம் தமிழ் லோயரும் சேர்ந்தாள். தமிழ் மிஷினில் புள்ளிக்குத் தனிச் சாவி. புள்ளியை முதலில் தட்ட வேண்டும். மிஷின் நகராமல் நிற்கும். அதன் கீழே எழுத்து வந்து உட்காரும். 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு. இங்கிலீஷில் மூன்று தட்டில் ஒரு நாய் ஓடிவிடும். தமிழில் ஓர் எழுத்துதான் முடிந்திருக்கும். "தமிழ்ல வாய் வலிக்காம பேசலாம். ஆனா விரல் வலிக்காம அடிக்க முடியாது" என்பாள். ஒருநாள் படியேறி ஓடிவந்தாள். "அப்பா, 'சொல்'னு அடிச்சுப் பாத்தேன். கொம்பு, ச, கால், புள்ளி, ல. அஞ்சு தட்டு! இங்கிலீஷ்ல 'வேர்டு' நாலு எழுத்து, பின்னாடி ஒரு இடம். அதுவும் அஞ்சு!" அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைச் சரிபார்த்தார். விரலை மடக்கி மடக்கி இரண்டு தடவை. அன்றைக்கு ராத்திரி எங்கள் எல்லோருக்கும் புரோட்டாக் கடையிலிருந்து எண்ணெய் புரோட்டா வந்தது. அதற்கு முன்போ பின்போ அவர் இலக்கணத்துக்காகப் புரோட்டா வாங்கியதாக எனக்கு நினைவில்லை.

பள்ளிக்கூடத்தில் வேர்டு மூன்றாவது உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தது. இங்கிலீஷ் சாருக்கு மரபுத்தொடர் பைத்தியம். 'ஐ ஹேட் வேர்ட்ஸ் வித் மை அங்கிள்' என்று எழுதிப்போட்டு அர்த்தம் கேட்டார். மாமாவோடு பேசினேன் என்று வகுப்பே எழுதியது. "முட்டாள் பசங்களா, சண்டை போட்டேன்னு அர்த்தம்" என்றார். ஒன்றாக வந்தால் வாக்குறுதி, பன்மையில் வந்தால் சண்டை. வேர்டு வந்தது என்றால் தகவல் வந்தது, வேர்டு கொடுத்தான் என்றால் சத்தியம் செய்தான். கடைசிப் பெஞ்சு சிநேகிதன் ஒருவன் எழுந்து, "எங்க வீட்டுலயும் அப்படித்தான் சார். அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கிட்டே இருக்கும்போது வார்த்தை தடிச்சிருச்சும்பாங்க" என்றான். சார் அவனை உட்காரச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நிற்கவைத்து, "அதத்தாண்டா நானும் சொல்றேன்" என்றார். தமிழையா கேட்டிருந்தால் இன்னும் நாலு சேர்த்திருப்பார். பழைய அகராதியில் சொல் என்றால் நெல்லும்தான், பதம் என்றால் சோறும்தான் என்று ஒருதடவை சொல்லிவிட்டு, பசி நேரத்தில் எங்களை வகுப்பில் உட்கார்த்தி வைத்திருந்தவர் அவர்.

அந்தக் கடைசிப் பெஞ்சுக்காரனின் தாத்தா சர்ச்சில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் வீட்டில் அச்சு முறுக்கு கிடைக்கும். யோவான் சுவிசேஷத்தின் முதல் வரியில் வருகிற வேர்டு ஓர் ஆளைக் குறிக்கிறது, அதனால்தான் இங்கிலீஷ் பைபிளில் அதைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள் என்று அவர் விளக்கினார். அவர்கள் பைபிளில் அது 'வார்த்தை'; பின்னாளில் 1995-இல் வெளியான திருவிவிலியத்தில் அது 'வாக்கு' ஆனது. நான் ஓடிப்போய் அப்பாவிடம் பெரிய எழுத்துச் சங்கதியைச் சொன்னேன். அப்பா யோசித்தார். "தந்தியில அதுக்கு வழியில்லடா. மோர்ஸ்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. சாமியா இருந்தாலும் சந்தையா இருந்தாலும் ஒரே தட்டுத்தான்."

காலம் போய் நான் கம்ப்யூட்டர் படிக்கப் போனபோது, அங்கேயும் வேர்டு வந்து நின்றது. பதினாறு பிட்டு ஒரு வேர்டு, முப்பத்திரண்டு பிட்டு இரட்டை வேர்டு என்று இன்டெல் புத்தகத்தில் போட்டிருந்தது. இன்றைக்குச் சில்லு அறுபத்து நாலுக்குப் போய்விட்டாலும் அவர்கள் இன்னும் பதினாறையே வேர்டு என்று சாதிக்கிறார்கள். இதை அப்பாவிடம் சொன்னபோது, "அர்த்தமே கிடையாது, அகலம் மட்டுந்தானா?" என்றார். "ஆமாப்பா." "அப்ப நம்ம டிப்பார்ட்மென்ட்தான்."

அதற்கெல்லாம் முந்தியே அக்காவுக்குக் கல்யாணம் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீடு சிவகாசிப் பக்கம். பத்திரிகையை அப்பாதான் எழுதினார் என்பதால் அது விருதுநகர் வரலாற்றிலேயே சின்னப் பத்திரிகையாக இருந்திருக்கும். சம்பந்தி வீட்டார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம், பின்பக்கம் மீதி இருக்கிறதோ என்று. ஆனால் வாழ்த்துத் தந்திக்குக் குறைவில்லை. இலாகாவே எண் போட்டு வாக்கியங்கள் வைத்திருந்தது; தீபாவளிக்கு எண் 1. அனுப்புகிறவர் எண்ணைச் சொன்னால் போதும், மறுமுனையில் பூப்போட்ட தாளில் முழு வாக்கியமாக விரியும். மண்டபத்தில் மைக்கைப் பிடித்த பெரியப்பா ஒவ்வொன்றாக வாசித்தார். திருமண வாழ்த்துக்கு உரிய எண்கள் கொஞ்சம்தான் என்பதால், தூத்துக்குடி அத்தானும் மெட்ராஸ் சித்தப்பாவும் கோயமுத்தூர் ஆபீஸ் நண்பர்களும் எழுத்துக்கூடப் பிசகாமல் ஒரே வாக்கியத்தில் வாழ்த்தியிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருத்தி, "எல்லாரும் ஒரே இடத்துல உக்காந்து பேசி வச்சு அனுப்பின மாதிரில்ல இருக்கு" என்றாள்.

அந்த வரிசையில் ஒன்று வந்தது. பெரியப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு மைக்கில் வாசித்தார்:

"லோட்டஸ்."

கீழே கணக்குப்பிள்ளை மாமாவின் பெயர். மண்டபத்தில் பத்தடி தூரத்தில், சந்தனம் பூசிக்கொண்டு, அவர் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சம்பந்தி எழுந்தே விட்டார். "தாமரை! ஆஹா. லட்சுமி கடாட்சம் பெருகணும்னு ஒத்த வார்த்தையில சொல்லியிருக்காரு பாருங்க. யாருங்க அந்தப் பெரிய மனுசன்?" மணவறையில் அக்கா மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து, பிரியப்போகிற துக்கம் என்று நினைத்து மாப்பிள்ளையின் அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அப்பா மட்டும் அசையவில்லை. 1885-ஆம் வருடத்துச் சட்டம் முழுவதும் அவர் முகத்தில் இருந்தது.

"என்ன சம்பந்தி, நான் சொன்ன அர்த்தம் சரிதானே?"

"சரிதாங்க," என்றார் அப்பா. "பாக்கியும் சீக்கிரம் வந்து சேந்துரும்."

சீர்வரிசையில் வர வேண்டிய பீரோ அன்றைக்கு இன்னும் வந்து சேரவில்லை. அப்பா அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துச் சம்பந்தி, "அதுக்கென்னங்க அவசரம்" என்று பெருந்தன்மையாகக் கையை வீசிவிட்டுப் பந்திக்குப் போனார்.